குறிப்பறிதலில் சிறுமூளைக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிரே இருப்பவர் வாய்விட்டுச் சொல்லாததை அவர் முகத்திலிருந்தும் செயலிலிருந்தும் பிடித்துக்கொள்வதைக் குறிப்பறிதல் என்கிறோம். உளவியலில் இதற்குப் பிறர் மனமறிதல் என்று பெயர். இதில் சிறுமூளைக்கும் பங்கு உண்டு என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் படிப்படியாகத் தெளிவாகியிருக்கிறது. சிறுமூளையில் ஸ்ட்ரோக், கட்டி, அட்டாக்ஸியா (அசைவின் ஒழுங்கு குலையும் நோய்) வந்தவர்களின் வீட்டார் கேட்கும் கேள்விகளும், இத்துறையைப் படிக்கும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன.

சிறுமூளை நடைக்கும் சமநிலைக்கும் உரியது என்றுதானே பள்ளியில் படித்தோம்?

படித்தது தப்பில்லை, பாதிதான் படித்தோம். 1824-இல் ஃபிரான்சில் ஃப்ளூரான்ஸ் பறவைகளின் சிறுமூளையை அகற்றிப் பார்த்தார். அவற்றால் அசைய முடிந்தது. அசைவில் ஒழுங்குதான் போயிருந்தது. முதல் உலகப் போரில் சிறுமூளையில் குண்டடி பட்ட வீரர்களை ஆராய்ந்த அயர்லாந்தில் பிறந்த நரம்பியல் மருத்துவர் கோர்டன் ஹோம்ஸ், கை நடுங்குவதையும் தொட வேண்டிய இடத்தைத் தாண்டிக் கை போவதையும் 1917-இல் மிகத் துல்லியமாக எழுதிவைத்தார். இன்றும் மருத்துவர்கள் மூக்கைத் தொடு, விரலைத் தொடு என்று செய்யும் சோதனை அந்த மரபில் வந்ததுதான். அந்த விவரிப்பு அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதால், சிறுமூளை என்றாலே அசைவு என்ற முடிவு பாடப்புத்தகத்தில் உறைந்துபோனது.

1986-இல் லைனர் தம்பதியும் ராபர்ட் டவ்வும், சிந்தனைத் திறனுக்கும் சிறுமூளை உதவுகிறதா என்ற கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார்கள். 1998-இல் பாஸ்டனில் ஷ்மாமானும் ஷெர்மனும், சிறுமூளையில் மட்டும் பாதிப்புள்ள 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். திட்டமிடுதல், இடஞ்சார்ந்த கணிப்பு, மொழி, குணம் ஆகிய நான்கிலும் அவர்களுக்குக் குறை இருந்தது. பழைய முடிவு ஆட்டம் கண்டது அங்கிருந்துதான்.

அவ்வளவு சின்ன உறுப்பால் இவ்வளவு செய்ய முடியுமா?

பெயரில்தான் சிறுமை. எடையில் அது மூளையின் பத்தில் ஒரு பங்கு. நரம்பணுக்களை எண்ணினால் கணக்கு தலைகீழாகிறது. மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன. பெருமூளைப் புறணியில் இருப்பது 1,600 கோடி அளவுதான். 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்ட எண்ணிக்கை இது. சிறுமூளையின் மேற்பரப்பு விசிறிமடிப்பாக மிக நெருக்கமாக மடிந்திருக்கிறது. அதை முழுக்க விரித்தால் பெருமூளைப் புறணியின் பரப்பில் சுமார் 78 விழுக்காடு வரும் என்று 2020-இல் அளந்தார்கள்.

குறிப்பறிதலுக்கு உரிய பகுதி எது?

பின்பக்க மடலில், இரு பக்கமும் அகன்று கிடக்கும் க்ரஸ் 1, க்ரஸ் 2 என்ற பகுதிகள். லத்தீனில் க்ரஸ் என்றால் கால். மனிதரில் இவை தனியாகத் தெரியும் அளவுக்குப் பெருத்திருக்கின்றன. நடைக்கும் கைகால் ஒழுங்குக்கும் உரியது பெரும்பாலும் முன்பக்க மடல். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பலவும் எளிதில் புரியும்.

க்ரஸ் பகுதிகள் தனியாக இயங்குவதில்லை. பிறர் மனதை எடைபோடும்போது பெருமூளையில் மூன்று இடங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன: நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதி, காதுக்குச் சற்று மேலே பின்புறமாகப் பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் இடம், உச்சி மடலின் உட்பக்கம். இங்கிருந்து கிளம்பும் இழைகள் மூளைத்தண்டிலுள்ள பான்ஸ் வழியாகக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கச் சிறுமூளைக்குப் போகின்றன. அங்கிருந்து சிறுமூளையின் உள்ளே இருக்கும் பல்லுருக் கரு, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே பதில் திரும்புகிறது. ஆகவே வலது சிறுமூளை இடது பெருமூளைக்குக் கூட்டாளி. பெரும்பாலானவர்களுக்கு மொழி இடப்பக்கம் இருப்பதால், வலது க்ரஸ் பாதித்தால் சொல் தேடித் தடுமாறுவதும் உடன் வரும்.

அங்கே என்னதான் நடக்கிறது?

ஒரே வரியில் சொன்னால், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே கணிப்பதும், வந்ததோடு அதை ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துவதும்.

உங்கள் உள்ளங்காலை நீங்களே வருடிப் பாருங்கள். பெரிதாகக் கூசாது. அதே இடத்தில் இன்னொருவர் விரலை வைத்தால் துள்ளுகிறீர்கள். உங்கள் கை செய்யப்போவதன் விளைவைச் சிறுமூளை முன்பே கணித்துவிடுவதால் அந்த உணர்வு மங்கிவிடுகிறது. பிறர் கையை அப்படிக் கணிக்க முடிவதில்லை. 1998-இல் பிளேக்மோர், வோல்பெர்ட், ஃபிரித் மூவரும் ஸ்கேனில் இதைக் காட்டினார்கள்.

இந்த வேலையின் நடுவில் இருப்பது பர்கின்யே செல். 1837-இல் செக் நாட்டு ஆய்வாளர் பர்கின்யே விவரித்தது. ஒவ்வொன்றும் தட்டையாகப் படர்ந்த கொடிப்பந்தல் போல இருக்கும். சிறுமணி அணுக்களிலிருந்து இணையாக ஓடிவரும் இழைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை அதன்மேல் போடுகின்றன. தற்போதைய நிலவரம் எல்லாம் அவற்றின் வழியாக வந்து சேர்கிறது. இதற்கு நேர்மாறாக, மூளைத்தண்டின் ஆலிவ் கருவிலிருந்து வரும் ஏறுகொடி இழை ஒன்றே ஒன்றுதான். கணிப்பு தவறியது என்ற சேதியை அது கொண்டுவருகிறது. சேதி வரும்போதெல்லாம், தவறான கணிப்புக்குத் துணைபோன இணைப்புகள் வலுவிழக்கின்றன. ஏறுகொடி இழை இணைப்புகளை மாற்றிக் கற்பிக்கிறது என்று 1969-இல் டேவிட் மார் கணித்துச் சொன்னார், இணைப்புகள் வலுவிழக்கும் என்று 1971-இல் ஜேம்ஸ் ஆல்பஸ் சொன்னார். மசாவோ இத்தோ ஆய்வகத்தில் அதற்குச் சான்று தந்தார்.

நுண்கட்டமைப்பு சிறுமூளை முழுவதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நடைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று தனித்தனி இயந்திரங்கள் இல்லை. எங்கிருந்து தகவல் வருகிறது என்பதுதான் மாறுகிறது. கால் தசையிலிருந்து வந்தால் அடுத்த அடியைக் கணிக்கும். பிறர் மனம் பற்றிய பெருமூளைப் பகுதிகளிலிருந்து வந்தால் அந்த மனிதர் அடுத்து என்ன செய்வார் என்பதைக் கணிக்கும். இந்தத் துறையிலேயே மிக அழகான கருத்து இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

கால் அசைவுக்குச் சரி. மனதுக்கு 'அடுத்தது' என்று என்ன இருக்கிறது?

ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். காபி டம்ளரைக் கீழே வைக்கிறார். சற்று நேரம் பேச்சில் இடைவெளி. கை முழங்காலில் ஊன்றுகிறது, பார்வை வாசல் பக்கம் போகிறது, "சரி, அப்ப..." என்கிறார். கிளம்பப்போகிறார் என்பது முழு வாக்கியம் வரும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இதில் எந்த ஒரு துண்டும் தனியாகப் பொருள் தராது, வரிசைதான் பொருள் தருகிறது. அதே மனிதர் வந்து உட்கார்ந்த உடனே வாசலைப் பார்த்தால் நீங்கள் வேறு மாதிரி நினைப்பீர்கள்: இன்னும் யாரோ வரவேண்டும் போலிருக்கிறது.

பிரஸ்ஸல்ஸ் நகரில் ஃபிராங்க் வான் ஓவர்வாலே குழுவினர் சோதித்தது இந்த வரிசையைத்தான். நான்கு படங்களைக் கலைத்துக் கொடுத்து, கதை சரியாக வரும்படி அடுக்கச் சொல்வார்கள். சில கதைகளில் பொருள்கள் மட்டும் நகரும். சிலவற்றில் கடையில் சாமான் வாங்குவது போன்ற பழகிப்போன நடைமுறை இருக்கும். மற்றவை தவறான நம்பிக்கைக் கதைகள்.

தவறான நம்பிக்கைக் கதையின் மூல வடிவம் 1983-இல் விம்மரும் பெர்னரும் அமைத்தது. மாக்ஸி என்ற சிறுவன் நீல அலமாரியில் சாக்லெட்டை வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? நீல அலமாரியில்தான். சாக்லெட் இருக்கும் இடம் நமக்குத் தெரிந்தாலும், அதை ஒதுக்கிவைத்து, மாற்றத்தைப் பார்த்தவர் யார், பார்க்காதவர் யார், அவன் போனது முன்னா பின்னா என்று வரிசையைப் பிடித்தால்தான் விடை வரும். ஆரோக்கியமானவர்கள் இந்தக் கதைகளை அடுக்கும்போது க்ரஸ் பகுதிகள் கூடுதலாக இயங்கின. சிறுமூளை பாதிப்புள்ளவர்களிடம் சிறிய அளவில் செய்த ஆய்வில், பழகிய நடைமுறைக் கதைகளை அவர்கள் ஓரளவு ஒழுங்காக அடுக்கினார்கள். தவறான நம்பிக்கைக் கதைகளில்தான் தடுமாறினார்கள்.

வீட்டார் கவனிக்க வேண்டிய இடம் இது. வழக்கமான உரையாடல்கள் நன்றாகவே போகும். எதிர்பாராத திருப்பம் வரும்போதுதான் குறை தெரியும். "நல்லாத்தானே பேசினாரு" என்று மற்றவர்கள் சொல்வது அதனால்தான்.

ஸ்கேனில் ஒரு பகுதி ஒளிர்ந்தால் போதுமா? அது வெறும் கண் அசைவாக இருக்கலாமே?

நியாயமான சந்தேகம். ஸ்கேன் மட்டுமே சான்றாக இருந்திருந்தால் நாங்களும் தயங்கியிருப்போம்.

முதலில் ஸ்கேனின் குறைகள். முழு மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கும்போது படச்சட்டம் போதாமல் சிறுமூளையின் அடிப்பகுதி வெட்டுப்பட்டுப்போவது பல ஆய்வுகளில் நடந்திருக்கிறது. இதயத் துடிப்பும் மூச்சும் அப்பகுதியில் இரைச்சலைக் கூட்டுகின்றன. மடிப்புகள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியவை என்பதால் பக்கத்துப் பக்கத்து மடிப்புகள் ஒன்றாகக் கலந்து தெரியும். நேர் மேலே இருக்கும் பார்வைப் புறணியின் சமிக்ஞையும் சிறுமூளையின் மேல்பகுதியில் கசியக்கூடும். சிறுமூளைக்கென்றே தனி வரைபடம் வைத்துப் பொருத்தினால்தான் இவற்றில் பெரும்பகுதியைச் சரிசெய்ய முடியும். மாணவர்கள் ஓர் ஆய்வைப் படிக்கும்போது முடிவுரைக்குப் போகும் முன், சிறுமூளை முழுவதும் படத்துக்குள் வந்ததா, அதற்கென்று தனி வரைபடம் பயன்பட்டதா என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

இனி சான்றுகள். 2014-இல் 350-க்கும் மேற்பட்ட ஸ்கேன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எதிரில் நடப்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் வேலையைவிட, ஒருவரின் குணத்தையோ கடந்த காலத்தையோ எதிர்காலத்தையோ மனதில் வைத்து ஊகிக்கும் வேலையில் சிறுமூளையின் இயக்கம் கூடுதலாக இருந்தது. வெறும் கண் அசைவுதான் காரணம் என்றால் இது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். 2011-இல் ஆயிரம் பேரின் ஸ்கேனை வைத்து, சும்மா இருக்கும்போது எந்த இடம் எந்த இடத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். க்ரஸ் பகுதியின் பெரும்பங்கு, தன்னையும் பிறரையும் பற்றி நினைக்கும்போது இயங்கும் பெருமூளை வலையத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. குரங்குகளில் நரம்பிழை வழியே பரவும் வைரஸைச் செலுத்தி, சிறுமூளையிலிருந்து தலாமஸ் வழியாகப் பெருமூளையின் முன்பகுதிக்குப் பாதை இருப்பதை பீட்டர் ஸ்ட்ரிக் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதிக்கப்பட்டவர்களின் நடத்தை இருக்கிறது. படம் தொடர்பை மட்டும் காட்டும். பாதிப்புதான் அந்தப் பகுதி தேவையா என்பதைச் சொல்லும்.

அப்படியானால் பிறர் மனதை அறியும் இடம் சிறுமூளை என்று சொல்லலாமா?

கூடாது. அறிவது பெருமூளை வலையம். சிறுமூளை அதை வேகமாகவும் வழுக்கலின்றியும் நடக்க வைக்கிறது. சிறுமூளை பாதித்தவரால் நடக்கவே முடியாமல் போவதில்லை, நடை தள்ளாடுகிறது. குறிப்பறிதலும் அப்படித்தான், அழிவதில்லை, தள்ளாடுகிறது. ஷ்மாமான் இதைச் சிந்தனையின் அளவு தவறுதல் என்று அழைக்கிறார். கை இலக்கைத் தாண்டிப் போவது போலவே பேச்சும் சிரிப்பும் கோபமும் அளவைத் தாண்டும், அல்லது எட்டாமல் நிற்கும்.

வீட்டில் இது எப்படித் தெரியும்?

இரண்டு விதமாக. சிலரிடம் உணர்ச்சி மங்கிப்போகும்: முகம் அசையாது, பேரன் ஓடிவந்தால்கூட ஒரு சிரிப்பு வராது, குரல் ஒரே சுருதியில் இருக்கும். வேறு சிலரிடம் கட்டு தளரும்: நினைத்ததைச் சபை பார்க்காமல் சொல்வார்கள், கிண்டலை நிஜமென்று எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள், பேச்சில் மற்றவர் முடிக்கும் முன் நுழைவார்கள் அல்லது முடித்து வெகுநேரம் கழித்துத் தொடங்குவார்கள். இரண்டும் ஒரே மனிதரிடம் மாறி மாறி வருவதும் உண்டு.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் அடக்க முடியாமல் சிரிப்பது, காரணமில்லாமல் குமுறி அழுவது. பெருமூளையிலிருந்து பான்ஸ் வழியாகச் சிறுமூளைக்கு வரும் பாதை பாதித்தால் இது வரலாம். அந்த நேரத்தில் அவர் மனதுக்குள் மகிழ்ச்சியோ துக்கமோ அந்த அளவுக்கு இருப்பதில்லை. வெளிப்பாட்டின் கடிவாளம் அறுந்திருக்கிறது, அவ்வளவே. குடும்பங்கள் இதில் மிகவும் அவமானப்பட்டு, நோயாளியை விசேஷங்களுக்கு அழைத்துப்போவதையே நிறுத்திவிடுகின்றன. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் குறைந்த அளவிலேயே இதற்கு நல்ல பலன் தருகின்றன. நரம்பியல் மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

நடை நன்றாக இருக்கிறது. பிறகு எப்படிச் சிறுமூளைப் பாதிப்பு என்கிறார்கள்?

பின் கீழ்ச் சிறுமூளைத் தமனி அடைபட்டால் சேதம் பெரும்பாலும் பின்பக்க மடலில் விழும். தொடக்கத்தில் தலைச்சுற்றல், வாந்தி, பிடரி வலி, தள்ளாட்டம் இருக்கும். சில நாட்களில் அல்லது வாரங்களில் நடை தேறிவிடக்கூடும். முன்பக்க மடல் தப்பியிருப்பதால் விரல்-மூக்குச் சோதனையிலும் குறை தெரியாமல் போகலாம். எல்லாம் சரி என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு மாதம் கழித்து வீட்டார், ஆள் மாறிவிட்டார் என்கிறார்கள். இரண்டுமே உண்மை.

இதற்கு நேரெதிர் உதாரணம், நீண்டகாலக் குடிப்பழக்கம். அது சிறுமூளையின் நடுப்பகுதியில் முன் மேல்பக்கத்தையே முதலில் அரிக்கிறது. அதனால் கால்களை அகட்டிவைத்துத் தள்ளாடும் நடை முந்திக்கொண்டு வருகிறது.

இன்னொரு எச்சரிக்கை. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றை மட்டும் பார்த்து ஸ்ட்ரோக்கைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தில் சிறுமூளை ஸ்ட்ரோக் தப்பிவிடும். திடீரென்று நிற்க முடியாத தள்ளாட்டமோ, இரட்டைப் பார்வையோ, இதுவரை இல்லாத கடும் தலைவலியோடு வாந்தியோ வந்தால் பித்தம் என்று படுக்கவைக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தலையின் பின்குழியில் எலும்பு தடிமனானது என்பதால் சிடி ஸ்கேன் அங்கே தெளிவாக வராது. சிடி சுத்தமாக இருந்தாலும் அறிகுறி நீடித்தால் எம்ஆர்ஐ தேவையா என்று கேட்பதில் தவறில்லை.

இதற்கு என்ன பரிசோதனை செய்வார்கள்?

2018-இல் ஷ்மாமானின் குழு ஒரு சுருக்கமான அளவுகோலை வெளியிட்டது. பத்து உருப்படிகள், சுமார் பத்து நிமிடம். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் வருகிறது, ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை, எண் வரிசையை நேராகவும் தலைகீழாகவும் சொல்வது, கனசதுரம் வரைவது, சொற்பட்டியலை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்வது, இரண்டு பொருள்களுக்குள்ள ஒற்றுமை, குறிப்புக்கு ஏற்பச் செய்வதும் நிறுத்துவதும், உணர்ச்சி நிலை பற்றிய கேள்விகள் என்று போகும். ஒன்றில் தவறினால் ஷ்மாமான் 1998-இல் விவரித்த அந்த நோய்க்குறித்தொகுதி இருக்கக்கூடும், இரண்டில் தவறினால் பெரும்பாலும் உண்டு, மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் உறுதி என்று கொள்கிறார்கள். படிப்பும் வயதும் மதிப்பெண்ணை வெகுவாகப் பாதிக்கும் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

தமிழில் செய்யும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கிலச் சோதனையில் ஒரு எழுத்து என்றால் அது ஒரே எழுத்து. தமிழில் 'ப' என்று கேட்டால் பாட்டி, பிள்ளை, பூ எல்லாம் சேருமா, 'ப' மட்டுமா? தொடங்கும் முன்பே இதைத் தீர்மானித்துச் சொல்லாவிட்டால், விதி புரியாமல் நிற்கும் நேரம் நோயின் கணக்கில் ஏறும். எண் வரிசையை, அந்த நபர் தன் போன் நம்பரை எந்த மொழியில் சொல்வாரோ அந்த மொழியில் கேட்பது நல்லது. பலர் தமிழிலேயே பேசினாலும் போன் நம்பரை ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள்.

மேலே சொன்ன அளவுகோல் குறிப்பறிதலை நேரடியாக அளப்பதில்லை. அதற்குக் கண்களை மட்டும் காட்டும் 36 படங்கள் கொண்ட சோதனை உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறுமூளை நோயாளிகள் இதில் சராசரியாகக் குறைவாகவே எடுக்கிறார்கள். ஆனால் இது சொல்வளத்தையும் சேர்த்தே அளக்கிறது. 'எரிச்சல்', 'சலிப்பு', 'கடுப்பு' இவற்றின் வேறுபாடு ஒருவருக்குச் சொல்லளவில் தெளிவாக இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். அதற்கும் சிறுமூளைக்கும் தொடர்பில்லை. படம் அடுக்கும் சோதனையும், சபையில் யாரோ தவறிப்போய்ப் பேசிவிட்டதைக் கண்டுபிடிக்கும் கதைகளும் எங்கள் கணிப்பில் இவர்களுக்கு இன்னும் பொருத்தம்.

சோதனை எங்கே தவறுகிறது? காலை முழுக்க மருத்துவமனையில் காத்திருந்து களைத்தவரைச் சோதிப்பதில். குழறும் பேச்சால் வரும் தாமதத்தைச் சிந்தனைத் தாமதமாக எண்ணுவதில். கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும்போது சிறு படங்களைக் காட்டுவதில். மனச்சோர்வைக் கணக்கில் எடுக்காமல் விடுவதில். நேரக் கட்டுப்பாடுள்ள சோதனைகளில் பேச்சின் வேகத்தைத் தனியாக அளந்து கழிப்பது அவசியம்.

குழந்தைக்குச் சிறுமூளைக் கட்டி அகற்றிய பின் பேச்சே நின்றுவிட்டது. ஏன்?

அறுவைக்குப் பிறகு ஓரிரு நாட்கள் பேசிவிட்டு அப்புறம் பேச்சு நின்றுபோவது, மெடுலோபிளாஸ்டோமா போன்ற நடுக்கோட்டுக் கட்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு வருகிறது. கூடவே கடும் எரிச்சல், தேற்ற முடியாத அழுகை, தசைத் தளர்ச்சி, முகத்தைத் திருப்பிக்கொள்வது இருக்கும். சிறுமூளையிலிருந்து மேலே போகும் பாதை இரு பக்கமும் அடிபடுவதே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. பேச்சு பெரும்பாலும் வாரங்களில் அல்லது மாதங்களில் திரும்பும். மெதுவான, துண்டு துண்டான பேச்சும், நண்பர்களோடு இழைய முடியாத தன்மையும் பலருக்கு நீடிக்கின்றன. குழந்தை பிடிவாதம் பிடிக்கிறது என்று அடிப்பதோ மிரட்டுவதோ கூடவே கூடாது. பள்ளிக்கு மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். ஆசிரியருக்கு நடையின் குறைதான் கண்ணில் படும், மற்றது படாது.

ஆட்டிசத்துக்குக் காரணம் சிறுமூளையா?

தனிக் காரணம் என்று சொல்வதற்கில்லை, தொடர்பு உறுதியாக உண்டு. ஆட்டிசம் இருந்தவர்களின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தபோது பர்கின்யே செல்கள் குறைந்திருப்பதை 1985-இலிருந்தே பாமனும் கெம்பரும் எழுதியிருக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்து, சிறுமூளையில் மட்டும் ரத்தக்கசிவு ஏற்பட்ட குழந்தைகளை 2007-இல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஆட்டிசத்துக்கான முதல்நிலைச் சோதனையில் சிக்கினார்கள். இது சல்லடைச் சோதனைதான், நோய் உறுதிப்பாடு ஆகாது. சுண்டெலிகளில் பர்கின்யே செல்களில் மட்டும், ஆட்டிசத்தோடு தொடர்புள்ள டிஎஸ்சி1 மரபணுவை நீக்கியபோது, மற்ற எலிகளோடு பழகுவது குறைந்தது. ராபமைசின் என்ற மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது அது தடுக்கப்பட்டது. இது 2012-இல் வந்த ஆய்வு. 2019-இல், சிறுமூளையிலிருந்து நடுமூளையின் வெகுமதி மையத்துக்கு நேரடி இழைகள் போவதும், அவற்றை அடக்கினால் எலி இன்னொரு எலியை நாடுவது குறைவதும் தெரியவந்தன.

எலியின் நாட்டத்தை மனிதக் குறிப்பறிதலோடு அப்படியே பொருத்த முடியாது. மூளை வளரும் பருவத்தில் சிறுமூளை அடிபட்டால், அதனிடமிருந்து பாடம் கற்கவேண்டிய பெருமூளைப் பகுதிகளும் சரியாக வளராமல் போகலாம் என்ற விளக்கம் எங்களுக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பெரியவருக்கு அதே இடத்தில் வரும் பாதிப்பு ஒப்பீட்டில் லேசாக இருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

சிறுமூளையைத் தூண்டும் பயிற்சி என்று பணம் கட்டச் சொல்கிறார்களே?

ஆடும் பலகையில் நிற்பது, பந்தைப் பிடிப்பது எல்லாம் சமநிலைக்கு நல்லது. அதனால் குழந்தை பிறர் மனதை நன்றாக அறியும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. முன்பக்க மடலுக்கு வேலை கொடுத்தால் க்ரஸ் பகுதி தேறும் என்று எதிர்பார்க்க முடியாது. கடன் வாங்கிக் கட்டாதீர்கள். தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தாலும் மெல்லிய மின்னோட்டத்தாலும் சிறுமூளையைத் தூண்டும் முறைகள் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படுகின்றன. முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. வீட்டில் செய்து பார்க்கும் விஷயம் அல்லவே அல்ல.

எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக அட்டாக்ஸியா இருக்கிறது. இதுவும் வருமா?

வரலாம். முதுகுத்தண்டு-சிறுமூளை அட்டாக்ஸியாவில் பல வகைகள் உண்டு. முதல் வகை தமிழகத்தில் ஒரு சமூகக் குழுவில் வழக்கத்தைவிட மிகுதியாக இருப்பதை 2005-இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு. நடைத் தள்ளாட்டத்தோடு, திட்டமிடுவதிலும் குறிப்பறிவதிலும் குறை சேரலாம். அளவு ஆளுக்கு ஆள் மாறும். அறிகுறி இல்லாதவர் மரபணுச் சோதனை செய்துகொள்ளும் முன் மரபணு ஆலோசகரிடம் பேசுவது முக்கியம். திருமணத்துக்கு முன் உறவினர் வற்புறுத்தலில் செய்துவிட்டு, முடிவைத் தாங்க முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சிறுமூளையே இல்லாமல் வாழ முடியுமா?

மிக அரிதாக முடிந்திருக்கிறது. பிறவியிலேயே சிறுமூளை இல்லாத 24 வயது சீனப் பெண் ஒருவரைப் பற்றிய மருத்துவக் குறிப்பு வெளிவந்திருக்கிறது. அவர் ஆறு வயதில்தான் புரியும்படி பேசினார், ஏழு வயதில்தான் துணையின்றி நடந்தார். மூளையின் மற்ற பகுதிகள் ஓரளவு ஈடுகட்டும், ஆனால் வெகு தாமதமாக.

வீட்டார் என்ன செய்யலாம்?

குறிப்பால் உணர்த்துவதை விட்டு நேராகச் சொல்லுங்கள். "காபி ஆறிடுச்சு போல" என்றால் எழுந்து சூடுபண்ணித் தரமாட்டார். "அப்பா, இதைச் சூடுபண்ணித் தாங்க" என்றால் செய்வார். உறவுக்குள் இப்படி உடைத்துப் பேசுவது நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும், பழகிவிடும். கிண்டல் செய்தால் உடனே கிண்டல் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒருவர் பேசட்டும். நான்கு பேர் பேசும் கூடத்தில் யார் யாருக்குச் சொன்னார்கள் என்ற வரிசை அவருக்கு நழுவிவிடும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். முக்கியமான பேச்சைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். களைப்பில் எல்லாம் இரட்டிப்பாகும். விசேஷத்துக்குப் போகும் முன், அங்கே யார் வருவார்கள், முதலில் என்ன நடக்கும், அப்புறம் என்ன, எப்போது கிளம்புவோம் என்று வரிசையாகச் சொல்லிவிடுங்கள். கணிக்கும் வேலையில் பாதியை நீங்கள் முடித்துக் கொடுக்கிறீர்கள். பேச்சு எல்லை மீறும்போது நிறுத்த இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு சைகை, தோளில் கை வைப்பது போல, இருக்கட்டும். எல்லார் முன்னிலையிலும் அதட்ட வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது, 'ஆள் மாறிட்டார்' என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் பிடிபடாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், யார் இருந்தார்கள், அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்கள். பழைய எம்ஆர்ஐயின் ஃபிலிமை மட்டுமின்றி, படங்கள் பதிந்த குறுந்தட்டையும் எடுத்துப்போங்கள். சிறுமூளையின் எந்த மடல் பாதித்தது என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நோயாளி எதிரில் இருக்கும்போது நோட்டை அவருக்குத் தெரியாமல் நீட்டாதீர்கள். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை முந்தின நாளே அவரிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள்.